டோட்டோரோ அந்த அம்மாவைக் குணப்படுத்தவில்லை

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கும்போது அம்மா மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல டாக்டர் இருந்தார். இன்ஷூரன்ஸ் பற்றிச் சொல்ல ஆபீஸில் ஒருவர் இருந்தார். ராகு திசையைப் பற்றிச் சொல்லப் பெரியப்பா இருந்தார். ராத்திரி லைட்டை அணைத்த பிறகு, "அம்மா செத்துப் போயிருவாங்களாப்பா?" என்று கேட்கிற யூகேஜி பையனுக்கு என்ன பதில் சொல்வது என்று சொல்லித்தான் ஆள் இல்லை. கடைசியில் அதில் எனக்குக் கைகொடுத்தது ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் படம். சொன்னால் சிரிப்பார்கள் என்று ரொம்ப நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஹயாவ் மியாசாகி இயக்கி 1988இல் வந்த 'மை நெய்பர் டோட்டோரோ'. மொத்தமே 86 நிமிடம். அந்தப் படம் எங்கள் வீட்டில் எத்தனை தடவை ஓடியிருக்கும் என்று கணக்கே இல்லை. இப்போது நான் இருந்த நிலைமையில் வேறு யாராவது இருக்கலாம், அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன், காசும் காலமும் அதிகமாகப் போனது அதில்தான். மனைவிக்கு வெறும் முதுகுவலியாகத்தான் ஆரம்பித்தது. ஸ்கூட்டர் ஓட்டுவதால், கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதால், இரண்டாவது பிரசவம் சிசேரியன் என்பதால் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. டிஸ்க் என்றார் ஒருவர். பெல்ட், பிசியோதெரபி, வலி ஊசி, அப்புறம் வேறொரு டாக்டர், அங்கேயும் ஒரு புது பெல்ட். சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடும். எடை குறைந்துகொண்டே வந்தது, பக்கத்து வீட்டுக்காரம்மா என்ன டயட் என்று பொறாமையோடு கேட்டுவிட்டுப் போனார். ஒரு நாள் மாடிப்படி ஏறும்போது வலது கால் எழும்பவில்லை. அப்போதுதான் எம்ஆர்ஐ எடுத்தார்கள். முதுகெலும்பில் இரண்டு எலும்புகள் அரித்துப்போய், சீழ் கட்டி, தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தது. முதுகெலும்புக் காசநோய். இருமல் கிடையாது, சளி கிடையாது, டிபி என்று யாருக்குத் தோன்றும்? நோயின் பெயர் தெரிவதற்குள்ளேயே ஒன்றரை லட்சத்துக்கு மேல் போயிருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். வாரக்கணக்கில் விடாத முதுகுவலியோடு சாயங்காலக் காய்ச்சலும் எடைக்குறைவும் சேர்ந்து இருந்தால், டிபியாக இருக்குமா என்று டாக்டரிடம் நீங்களாகவே வாய்விட்டுக் கேளுங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கலாம், எம்ஆர்ஐயில்தான் தெரியும். ஆபரேஷனில் எடுக்கிற சதையையோ சீழையோ சிபிநாட் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். முக்கியமான மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி அடங்குமா என்பதை அது சில மணி நேரத்தில் சொல்லிவிடும். பிரைவேட் டாக்டரிடம் பார்த்தாலும் டிபி மாத்திரைகளை அரசாங்கத்தில் இலவசமாக வாங்கிக்கொள்ளலாம். சத்துணவுக்கென்று மாதம் 1,000 ரூபாய் நோயாளியின் பேங்க் கணக்கில் போடும் திட்டமும் இருக்கிறது. 2024 நவம்பருக்கு முன்னால் அது 500 ரூபாயாக இருந்தது. நோய் நுரையீரலில் இல்லாமல் எலும்பில் மட்டும் இருந்தால் பொதுவாக அடுத்தவருக்குத் தொற்றாது. இதைச் சொந்தக்காரர்களுக்கு முதல் நாளே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டு டம்ளரில் காபி குடிக்கத் தயங்கியவர்களை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அத்தோடு வீட்டுக்கு வந்துவிடுவாள் என்றுதான் இருந்தோம். பிள்ளைகளிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். சனிக்கிழமை அம்மா வருவார்கள் என்று பெரியவள் சார்ட் பேப்பரில் கலர் கலராக எழுதி ஹாலில் ஒட்டினாள். வெள்ளிக்கிழமை மனைவிக்கு வாந்தி, கண்ணில் மஞ்சள். டிபி மாத்திரை கல்லீரலைப் பாதித்துவிட்டது. எல்லா மாத்திரையையும் நிறுத்தி, ரத்தப் பரிசோதனை கீழே இறங்கும்வரை காத்திருந்து, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்த்தார்கள். சனிக்கிழமை அடுத்த சனிக்கிழமையானது, அது மாசக்கடைசி ஆனது. வார்டுக்குள் சின்னப் பிள்ளைகளை விட மாட்டார்கள். வீடியோ காலில் பார்த்தால் சின்னவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடிவிடுவான். துறையூரிலிருந்து மாமியார் வந்து சமையலைப் பார்த்துக்கொண்டார்கள். நான் பகலில் ஆபீஸ், சாயங்காலம் ஆஸ்பத்திரி, ராத்திரி வீடு.

சாமி விஷயத்துக்கு வருகிறேன். நான் பெரிய பக்திமானும் இல்லை, நாத்திகனும் இல்லை. வெள்ளிக்கிழமை விளக்கு, வருடத்துக்கு ஒரு தடவை குலதெய்வம், பரீட்சைக்குப் போகும்போது பிள்ளையார், அவ்வளவுதான். நோய் வந்ததும் அந்தச் சாமியெல்லாம் திடீரென்று கடன்காரர்களாக மாறிவிட்டார்கள். எந்த வேண்டுதலை நிறைவேற்றவில்லை, எந்தத் தீட்டு, எந்தக் கிரகம் என்று ஆளாளுக்கு நோண்டினார்கள். ஜோசியர் கட்டம் பார்த்தார். திருநாகேஸ்வரம் போய் வந்தோம். வீட்டில் ஒரு ஹோமம் செய்யச் சொன்னார்கள், தட்சிணை, சாமான், சாப்பாடு என்று இருபதாயிரத்தை ஒட்டி வந்தது. ஹோமம் முடிந்த இரண்டாவது நாள் மஞ்சள் காமாலை. ஹோமம் செய்தவருக்குப் போன் செய்தால், தோஷம் பலமாக இருக்கிறது, இன்னொன்று செய்யணும் என்றார். அன்றைக்கு ஆஸ்பத்திரி வண்டி நிறுத்துமிடத்தில் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து அழுதேன். கோபத்தில் வந்த அழுகை அது. அதற்கப்புறம் விளக்கேற்றுவதையே நிறுத்திவிட்டேன். மாமியார் கவனித்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை. அவர்களே ஏற்றினார்கள்.

படம் வந்து சேர்ந்தது தற்செயலாகத்தான். பிள்ளைகளைச் சமாளிக்க வந்திருந்த தங்கச்சி மகன் நெட்ஃபிளிக்ஸில் எதையோ போட்டுவிட்டுப் போனான். நான் துணி மடித்துக்கொண்டே அரைக்கண்ணில் பார்த்தேன். 1950களின் ஜப்பான். ஒரு அப்பா, இரண்டு பெண் பிள்ளைகள், சாமான் ஏற்றிய வண்டியில் கிராமத்துப் பழைய வீட்டுக்குக் குடிவருகிறார்கள். பெரியவள் சாட்சுகி, சின்னவள் மே. வீட்டு மூலைகளிலிருந்து கரி உருண்டைகள் கண்ணை உருட்டிக்கொண்டு ஓடுகின்றன. சின்னவன் கைகொட்டிச் சிரித்தான். சரி, நல்ல படம்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே மூன்று பேரும் ஒரே சைக்கிளில் ஏறிப் போகிறார்கள். எங்கே போகிறார்கள் என்று பார்த்தால் ஆஸ்பத்திரிக்கு. அம்மா கட்டிலில் இருக்கிறாள். எனக்குப் பகீரென்றது. ரிமோட்டைத் தேடி எடுத்தேன். "இருக்கட்டும்பா" என்றாள் பெரியவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நல்லவேளை, நிறுத்தவில்லை. அந்தக் காட்சியில் அம்மா பெரிய மகளுக்குத் தலை சீவி விடுகிறாள். முடி என்னுடையது மாதிரியே இருக்கிறது என்கிறாள். சின்னது எனக்கும் எனக்கும் என்று குதிக்கிறது. நோயின் பெயர் படத்தில் எங்குமே வராது. யாரும் அழுவதும் இல்லை. ஆனால் பார்க்கிற பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் இருக்கிற அம்மாவும் அம்மாதான் என்று விளங்கிவிடுகிறது. அடுத்த நாளே நான் வார்டு சிஸ்டரிடம் போய் நின்றேன். பிள்ளைகளை உள்ளே விட முடியாது, சரி, கீழே தோட்டத்துக்கு வீல்சேரில் பத்து நிமிடம் அழைத்து வரலாமா என்று கேட்டேன். டாக்டரிடம் கேட்டுவிட்டு அனுமதித்தார்கள். பெரியவள் போகும்போது சீப்பும் ரப்பர் பேண்டும் பாவாடைப் பையில் போட்டு எடுத்து வந்திருந்தாள். எனக்குத் தெரியாது. அம்மா முன்னால் போய்த் திரும்பி நின்றுகொண்டு சீப்பை நீட்டினாள். மனைவிக்குக் கையைத் தூக்கினால் முதுகு இழுக்கும். பாதிப் பின்னலோடு நிறுத்திவிட்டாள். பெரியவள் அந்தப் பாதிப் பின்னலை அவிழ்க்க விடாமல் மறுநாள் பள்ளிக்கூடம் போனாள். ஆகவே, உள்ளே விட மாட்டார்கள் என்று விட்டுவிடாதீர்கள். வெளியே எங்காவது பார்க்க வழி இருக்கிறதா என்று கேளுங்கள். போகும்போது பிள்ளை கையில் அம்மாவோடு சேர்ந்து செய்கிற மாதிரி ஏதாவது ஒரு வேலை இருக்கட்டும். சும்மா எதிரே நிற்கவைத்தால் அவர்களுக்குப் பேச வராது.

படத்தில் என்னை ரொம்ப உலுக்கியது படத்தின் பெயரில் வருகிற காட்டு ஜீவன் டோட்டோரோ இல்லை, சாட்சுகிதான். அப்பா தூங்கிவிட்டால் அவளே எழுந்து எல்லோருக்கும் மதியச் சாப்பாடு கட்டுகிறாள். தங்கையைப் பார்த்துக்கொள்கிறாள், கிண்டல் செய்கிற பையனுக்குப் பதில் கொடுக்கிறாள், சிரித்த முகமாகவே இருக்கிறாள். படத்தில் பாதிக்கு மேல் போனபிறகு ஒரு தந்தி வருகிறது, ஆஸ்பத்திரியைத் தொடர்புகொள்ளச் சொல்லி. விஷயம் பெரிதில்லை, அம்மாவுக்குச் சளி, வார விடுமுறைக்கு வீட்டுக்கு வருவதாக இருந்தது தள்ளிப்போகிறது. அங்கேதான் அந்தப் பெண் உடைகிறாள். போன தடவையும் இப்படித்தான் கொஞ்ச நாள்தான் என்றார்கள், அம்மா செத்துப்போனால் என்ன செய்வது என்று பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் வாய்விட்டு அழுகிறாள். எங்கள் ஹாலில் அந்தச் சனிக்கிழமை சார்ட் பேப்பர் இன்னும் சுவரில் இருந்தது. நான் மகளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அழவில்லை. தலையணையின் ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள்.

அத்தனை நாளும் எல்லோரும் சின்னவனைத்தான் கவனித்தோம். அவன் அழுவான், படுக்கையை நனைப்பான், சாப்பாட்டைத் தள்ளுவான். பெரியவள் ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை. வீட்டுப்பாடம் தானே முடிப்பாள், தம்பிக்கு டிஃபன் பாக்ஸ் எடுத்து வைப்பாள். "பொறுப்பான புள்ள" என்று வந்தவர் போனவரெல்லாம் மெச்சினார்கள். அந்தப் பாராட்டே அவள் வாயை அடைத்துவிட்டது. படம் முடிந்த ராத்திரி நான் அவளிடம் எதுவும் நேரடியாகக் கேட்கவில்லை. சாட்சுகி ஏன் அப்பாவிடம் அழாமல் பாட்டியிடம் போய் அழுதாள் என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பாவும் பாவம்ல, அவரும் அழுதுட்டா யாரு சமைப்பா?" என்றாள். அதற்கப்புறம்தான் அழுதாள். ரொம்ப நேரம் அழுதாள். மாமியார் எழுந்து வந்து மடியில் போட்டுக்கொண்டார்கள். குழந்தையிடம் அதன் பயத்தைப் பற்றி நேராகக் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். கதையில் வருகிற பிள்ளையின் பயத்தைப் பற்றிக் கேளுங்கள், தன்னுடையதைச் சொல்லிவிடும். இதற்கு இந்தப் படம்தான் வேண்டும் என்றில்லை. ஆனால் படத்திலிருக்கும் பிள்ளைக்குக் கிட்டத்தட்ட உங்கள் பிள்ளையின் கஷ்டம் இருக்க வேண்டும், அந்தக் கஷ்டத்தைப் படம் சட்டென்று மந்திரம் போட்டுத் தீர்த்துவிடக் கூடாது.

இந்தப் படம் தீர்ப்பதில்லை. அதுதான் நான் சொல்ல வந்ததே. டோட்டோரோ யாரென்று படம் சொல்வதில்லை. பெரிய கற்பூர மரத்தின் பொந்துக்குள் தூங்குகிற, உரோமம் அடர்ந்த ஒரு பெரிய உருவம். அது பேசாது, கொட்டாவி விடும், உறுமும். மரத்தின் அடியைச் சுற்றி வைக்கோல் புரியும் வெள்ளைக் காகிதமும் கட்டியிருக்கும், அது சாமி மரம் என்பதற்கு ஜப்பானியர் அடையாளம். சின்னப் பெண் மே டோட்டோரோவைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறாள். திரும்பக் கூட்டிக்கொண்டு போனால் வழியே இல்லை. நான் பொய் சொல்லலை என்கிறாள். அப்பா படித்த மனிதர், பல்கலைக்கழகத்தில் வேலை. பொய்யென்று நினைக்கவில்லை, நீ இந்தக் காட்டின் தலைவரைப் பார்த்திருப்பாய், அது அதிர்ஷ்டம், ஆனால் நினைத்தபோதெல்லாம் பார்க்க முடியாது என்கிறார். அப்புறம் மூன்று பேரும் மரத்தடிக்குப் போய் நேராக நின்று, மேயைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி, இனிமேலும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று குனிந்து வணங்குகிறார்கள். அவ்வளவுதான் வழிபாடு. எதையும் கேட்கவில்லை. மனைவியைக் குணப்படுத்து என்றுகூட அந்த மனிதர் கேட்கவில்லை. குடிவந்ததற்கு அக்கம்பக்கத்துப் பெரியவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்கிற மாதிரி சொல்லிவிட்டு, வீடுவரை யார் முதலில் ஓடுவது என்று ஓடுகிறார்கள்.

இதைப் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது துறையூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் அய்யனார்தான். கோயில் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. இலுப்பை மரம், மூக்கு உடைந்த மண் குதிரைகள், வேல். சின்ன வயதில் அந்தப் பக்கம் மாடு ஓட்டிப் போகும்போது தாத்தா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, "வாரோம்ப்பா" என்று மரத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு நடப்பார். திரும்பும்போது "போறோம்ப்பா". எனக்குத் தெரிந்து அவர் அங்கே எதையும் வேண்டிக்கொண்டது கிடையாது. எப்போது எங்கள் வீட்டில் சாமி பேரம் பேசுகிற ஆளாக மாறினார் என்று யோசித்துப் பார்த்தேன். யோசிக்க யோசிக்க, எனக்கு வந்த கோபம் அய்யனார் மேல் இல்லை, நடுவில் உட்கார்ந்து விலை சொன்னவர்கள் மேல் என்று புரிந்தது. இந்தக் கோபத்தைப் பிரித்துக்கொண்டதில் எனக்குக் கிடைத்த நிம்மதிக்கு அளவில்லை.

அப்புறம் அந்த மழைக் காட்சி. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மழை பிடித்துக்கொள்ள, அக்காவும் தங்கையும் வழியோரம் ஜிசோ சிலை இருக்கும் சின்னக் குடிலில் ஒதுங்குகிறார்கள். ஜிசோ என்பது அங்கே பிள்ளைகளையும் வழிப்போக்கர்களையும் காக்கிற சாமி, மொட்டைத் தலையோடு சிறிய கல் உருவம். கொஞ்ச நேரம் மழைக்கு ஒதுங்கிக்கொள்கிறோம் என்று அதனிடம் அனுமதி கேட்கிறார்கள். கடைசியில் மே தொலைந்துபோய் உட்கார்ந்திருப்பதும் வரிசையாக நிற்கும் ஜிசோ சிலைகளுக்குப் பக்கத்தில்தான். அந்தச் சிலைகள் ஒன்றும் செய்வதில்லை. பிள்ளை தனியாக இல்லை, அவ்வளவுதான்.

உச்சக்கட்டத்தைச் சொன்னால் படத்தைக் கெடுத்துவிடுவேனோ என்று தோன்றுகிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். தோட்டத்துச் சோளத்தைச் சாப்பிட்டால் அம்மா குணமாகிவிடுவாள் என்று நம்பி, ஒரு சோளக்கதிரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மே தனியாக ஆஸ்பத்திரிக்கு நடக்கிறாள், வழி தவறுகிறாள். ஊரே குளத்தில் தேடுகிறது. சாட்சுகி டோட்டோரோவிடம் போய் அழுகிறாள். அது பூனை உருவத்தில் ஒரு பேருந்தை வரவழைக்கிறது. பூனைப் பேருந்து தங்கையைக் கண்டுபிடித்து, இருவரையும் ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு எதிரே மரக்கிளையில் கொண்டுபோய் நிறுத்துகிறது. உள்ளே அம்மாவும் அப்பாவும் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அம்மா சிரிக்கிறாள். பிள்ளைகள் உள்ளே போவதில்லை. சோளக்கதிரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுத் திரும்புகிறார்கள். அத்தனை மாயசக்தி இருக்கிற ஒரு ஜீவன் நோயைத் தொடவே இல்லை. பிள்ளைகளை அம்மா கண்ணில் படும் தூரத்துக்குக் கொண்டுபோய் விட்டது, அத்தோடு சரி. நோயைப் பார்த்துக்கொள்ள டாக்டர் இருக்கிறார். நான் அன்றிலிருந்து அய்யனாரிடம் குணப்படுத்தச் சொல்லிக் கேட்பதில்லை. "இன்னைக்கு ராத்திரி புள்ளைங்க பயப்படாம தூங்கணும், நீயும் கூட இரு" என்று சொல்லிவிட்டு விளக்கேற்றினேன். மாமியார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "எண்ணெய் கொஞ்சம் ஊத்துங்க மாப்ளே, திரி கருகுது" என்றார்கள்.

சின்னவன் கேள்விக்கும் அதற்கப்புறம் என்னால் பதில் சொல்ல முடிந்தது. முன்னால் எல்லாம், "ச்சீ, அப்படியெல்லாம் பேசக்கூடாது" என்று வாயை மூடுவேன், இல்லையென்றால் சனிக்கிழமை வந்துவிடுவார்கள் என்பேன். அம்மாவின் முதுகில் ஒரு கெட்ட பூச்சி இருக்கிறது, மாத்திரை அதைக் கொன்றுகொண்டு வருகிறது, மாத்திரை அம்மாவின் வயிற்றையும் படுத்துகிறது, அதனால் நாளாகும், எந்த நாள் என்று டாக்டருக்கே தெரியாது, தெரிந்த அன்றைக்கே உனக்குச் சொல்வேன் என்றேன். தேதி சொல்லாதீர்கள், ஐயா. எது சொன்னாலும் தேதி மட்டும் சொல்லாதீர்கள். அந்தப் படத்தில் பிள்ளைகள் நொறுங்குவதும் வீட்டுக்கு வரும் நாள் தள்ளிப்போனதில்தான். இன்னொன்று, பயத்துக்கு வைத்தியமாகப் படத்திலிருந்தே நான் எடுத்துக்கொண்டது. காற்று அடித்து வீடு குலுங்குகிற ராத்திரியில் அப்பாவும் பிள்ளைகளும் குளியல் தொட்டியில் உட்கார்ந்துகொண்டு வேண்டுமென்றே தொண்டை கிழியச் சிரிப்பார்கள். நாங்கள் கரண்ட் போகும்போதெல்லாம் அதைச் செய்தோம். மேல்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டிக் கேட்டுவிட்டுப் போனார்.

ஒரு எச்சரிக்கை. படம் பிடித்துப்போய் அதைப் பற்றி மேலும் தெரிந்துகொள்ள ராத்திரி நேரத்தில் இணையத்தில் தேடாதீர்கள். டோட்டோரோ மரண தேவதை, மே ஏற்கெனவே குளத்தில் மூழ்கிச் செத்துவிட்டாள், கடைசிக் காட்சிகளில் அந்தப் பிள்ளைகளுக்கு நிழல் இல்லை பார் என்றெல்லாம் ஒரு வதந்தி பல வருடமாகச் சுற்றுகிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அதைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. படத்தைத் தயாரித்த ஸ்டுடியோ ஜிப்லியே 2007இல் இதை மறுத்திருக்கிறது. நிழல் தேவையில்லை என்று வரையவில்லை, அவ்வளவுதான் என்று விளக்கமும் கொடுத்தார்கள். முடிவில் எழுத்து ஓடும்போது வரும் படங்களைப் பாருங்கள், அம்மா வீட்டுக்கு வந்துவிடுவாள். எழுத்து வந்ததும் டிவியை அணைக்கிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. இந்தப் படத்துக்கு அதைச் செய்யாதீர்கள், பிள்ளைகள் பார்க்க வேண்டியதே அங்கேதான் இருக்கிறது. இன்னொரு விஷயம், 1988இல் இந்தப் படத்தோடு ஜோடியாக அதே ஸ்டுடியோவின் 'கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃபிளைஸ்' படத்தையும் ஒரே டிக்கெட்டில் திரையிட்டார்கள். போரில் அனாதையான அண்ணன் தங்கை கதை, பெரிய படம்தான். ஆனால் அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கும் வீட்டில், அதே கம்பெனி கார்ட்டூன்தானே என்று நம்பிப் போட்டுவிடாதீர்கள்.

தேடியதில் உருப்படியாகவும் சில கிடைத்தன. மியாசாகியின் அம்மாவுக்கு வந்ததும் முதுகெலும்புக் காசநோய்தான். 1947 தொடங்கிப் பல வருடம் படுக்கை. மியாசாகிக்கு அப்போது ஆறு வயது. இதை நான் படித்தது இரண்டாவது கல்லீரல் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்த நேரத்தில். எழுந்து போய் மனைவியிடம் போனைக் காட்டினேன். "பல வருஷமா?" என்று மட்டும் கேட்டாள். அவளுக்கு 18 மாதம் மாத்திரை என்று சொல்லியிருந்தார்கள், அதுவே அவளுக்கு ஆயுள் தண்டனை மாதிரி இருந்தது. அப்போது இன்னொன்றையும் சொன்னேன். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் உலகம் முழுக்க மலையோரம், காட்டோரம் சானடோரியத்தில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அந்த வழக்கத்தை உடைத்தது நம் சென்னை. 1956இல் தொடங்கி, சேத்துப்பட்டில் இருந்த காசநோய் ஆராய்ச்சி மையத்தில் 193 நுரையீரல் டிபி நோயாளிகளைப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் இன்னொரு பாதியை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள், கூட இருந்த குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959இல் முடிவு வெளியானது. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மெல்ல மூடியதற்கு அதுவும் ஒரு முக்கியமான காரணம். சாட்சுகியும் மேயும் சைக்கிளில் அம்மாவைப் பார்க்கப் போகிற அதே பத்தாண்டில், பிள்ளைகளிடமிருந்து அம்மாவைப் பிரிக்க வேண்டியதில்லை என்று இங்கே நிரூபித்துக்கொண்டிருந்தார்கள். மனைவி கேட்டுவிட்டு, "அப்ப என்னை வீட்டுக்கு அனுப்பச் சொல்லு, சேத்துப்பட்டுலயே சொல்லிட்டாங்கன்னு" என்றாள். நோய் வந்தபிறகு அவள் அடித்த முதல் ஜோக் அது.

வீட்டுக்கு வந்தாள், மாத்திரை வாழ்க்கை ஆரம்பித்தது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், ரத்தமோ என்று பயப்படாதீர்கள். பார்வை மங்கினாலோ நிறம் மாறித் தெரிந்தாலோ கண்டிப்பாக டாக்டரிடம் சொல்லுங்கள். வலி போய்விட்டது என்று பாதியில் நிறுத்தவே கூடாது. சந்தேகம் இருந்தால் 1800-11-6666 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். பரிகாரம், ஹோமம் என்று யாராவது தேதி குறித்துக் காசு கேட்டால், நோயாளி நடந்து கோயிலுக்கு வரட்டும், அப்புறம் செய்கிறோம் என்று சொல்லிவிடுங்கள். யாருக்கும் மனக்கசப்பு வராது, காசும் மிஞ்சும்.

முதுகுப் பெல்ட்டோடு சோபாவில் சாய்ந்து உட்காரும் அளவுக்கு வந்தபிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் அம்மாவுக்கு அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். சின்னவன் ஒவ்வொரு காட்சிக்கும் முன்னாலேயே கதை சொல்லித் தொலைத்தான். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், எந்த இடத்தில் அழுவாளோ என்று. தலை சீவுகிற இடம் போனது, தந்தி போனது, சோளம் போனது. அழவில்லை. படம் முடிந்ததும் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நாலு வயசுப் புள்ளையத் தனியா வெளையாட விட்டுட்டு அந்த ஆளு புஸ்தகம் படிச்சிட்டு உக்காந்திருக்கான். பக்கத்துலயே குளம் வேற இருக்கு. நீங்க என்னடான்னா நல்ல அப்பாங்கறீங்க" என்றாள். பெரியவள் அந்த அப்பாவுக்காக வரிந்துகட்டிக்கொண்டு வாதாடினாள், மாமியார் மகள் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். டோட்டோரோவின் மரத்துக்குள் மே விழுந்து அடிபடாமல் எழுந்தாளே, அது எப்படி என்று சின்னவனுக்கு அவன் கவலை. அந்தச் சண்டை எங்கள் வீட்டில் இன்னும் முடிந்தபாடில்லை.